மதினி கழுத்துல 14 மில்லிமீட்டர்

அம்பது வயசு தாண்டின பொம்பளைங்களுக்கு வரிசையா கழுத்துல அல்ட்ராசவுண்ட் வெச்சுப் பாத்தா கிட்டத்தட்ட பாதி பேருக்கு தைராய்டுல ஏதாவது ஒரு கட்டி தெரியும். கையால தடவிப் பாத்தா நூத்துல நாலுல இருந்து ஏழு பேருக்குத்தான் தட்டுப்படும். மெஷின் நல்லா ஆக ஆக முன்னாடி கண்ணுக்குத் தப்பின ரெண்டு மூணு மில்லிமீட்டர் சமாச்சாரம் எல்லாம் இப்ப ரிப்போர்ட்ல ஏறிடுது. இப்படி தெரியற கட்டிகள்ல நூத்துக்கு 85ல இருந்து 93 வரைக்கும் கேன்சரே கிடையாது, மிச்சம் இருக்கறதுலயும் பெரும்பாலானது ஆளைக் கொல்ற ரகம் இல்ல. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா ரிப்போர்ட்ல 'நாட்யூல்'னு ஒரு வார்த்தையப் பாத்துட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு போனை வெச்சுக்கிட்டு தேடறவங்கதான் இங்க வந்து சேருவீங்கனு எனக்குத் தெரியும்.

எங்க மதினி விஷயம் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அண்ணன் கம்பெனில குடும்பத்துக்கும் சேத்து மாஸ்டர் ஹெல்த் செக்கப் குடுத்தாங்க. மதினிக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, சும்மா கிடைக்குதேனு போனவங்கதான். அந்த பேக்கேஜ்ல கழுத்து ஸ்கேனும் இருந்துச்சு. ரிப்போர்ட்ல வலது லோப்ல 14 மில்லிமீட்டர் சாலிட் நாட்யூல், டைராட்ஸ் 4, எஃப்என்ஏசி (கட்டில ஊசி குத்தி செல் எடுக்கற டெஸ்ட்) செய்யவும்னு போட்டிருந்தாங்க. அதே கட்டடத்துல மாடில இருந்த சர்ஜன் (ஆஸ்பத்திரி பேரெல்லாம் வேணாம்) ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "எதுக்கும்மா வெச்சுக்கிட்டு பயந்துகிட்டு, மொத்தமா எடுத்துருவோம், அப்புறம் தினம் ஒரு மாத்திரைதானே"னு சொல்லிட்டாராம். மதினி போன்ல அழுதாங்க. "கழுத்த அறுத்து எடுத்துரச் சொல்லுதாங்க, கேன்சராத்தான் இருக்குமோ, நீ பாத்தவ, உனக்குத் தெரியும்லா?"

ஆமா நான் பாத்தவதான், என் கதை கொஞ்சம் கீழ வரும். நான் மதினிகிட்ட முதல்ல கேட்டது டிஎஸ்ஹெச் எவ்வளவுனு. யாருக்கும் தெரியல. ஃபைல்ல மூணாவது பக்கத்துல ரத்தப் பரிசோதனை லிஸ்ட்டுக்கு நடுவுல 2.1னு இருந்துச்சு, அதை அந்த சர்ஜன் திருப்பிக்கூட பாக்கல.

கட்டினு வந்தா முதல்ல பாக்க வேண்டியது அந்த நம்பர்தான். டிஎஸ்ஹெச் தைராய்டுல சுரக்கறது இல்ல, மூளைக்குக் கீழ இருக்கற பிட்யூட்டரில இருந்து வர்ற ஆர்டர். தைராய்டு கம்மியா வேலை செஞ்சா பிட்யூட்டரி அதட்டும், டிஎஸ்ஹெச் ஏறும். தைராய்டு தன் இஷ்டத்துக்கு அதிகமா சுரந்தா பிட்யூட்டரி அடங்கிடும், டிஎஸ்ஹெச் அடிமட்டத்துக்கு இறங்கும். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், ஆனா சுமாரா 0.4ல இருந்து 4 வரைக்கும் நார்மல். கட்டியும் இருந்து டிஎஸ்ஹெச்சும் ரொம்ப கம்மியா இருந்தா அந்தக் கட்டியே ஹார்மோன் சுரக்குதோனு ஒரு சந்தேகம் வரணும், அப்ப ஊசி டெஸ்ட்டுக்கு முன்னாடி நியூக்ளியர் ஸ்கேன் (கொஞ்சூண்டு கதிர்வீச்சு மருந்து குடுத்து எடுக்கறது) எடுப்பாங்க. மருந்தை இழுத்து பளிச்சுனு தெரியற 'ஹாட்' கட்டில கேன்சர் இருக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம், அதுக்கு வைத்தியமே வேற ரூட்டு. மதினிக்கு 2.1, அதனால அந்த ரூட்டு இல்ல. பெரும்பாலான தைராய்டு கேன்சர்காரங்களுக்கும் டிஎஸ்ஹெச் நார்மலாத்தான் இருக்கும், அதனால நம்பர் நார்மல்னா கட்டியும் நல்ல கட்டினு ஆயிடாது. ரெண்டும் தனித்தனி கேள்வி. எங்க ஊர்ல இது ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத ஆளை நான் பாத்ததே இல்ல.

அடுத்து அந்த டைராட்ஸ். 4னு பாத்ததும் மதினி அதை நாலாவது ஸ்டேஜ்னு நினைச்சிட்டாங்க. பாவம், யாரும் சொல்லலைனா யாருக்குத்தான் தெரியும். இது ஸ்கேன்ல கட்டியோட தோற்றத்துக்குப் போடற மார்க், அவ்வளவுதான். 2017ல அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி வெளியிட்ட முறையத்தான் இங்க நிறைய சென்டர்ல பயன்படுத்தறாங்க. கட்டி முழுக்க சதையா இருந்தா 2 பாயிண்ட், சுத்தி இருக்கற தைராய்டை விட கருப்பா தெரிஞ்சா 2, அகலத்தை விட உயரம் ஜாஸ்தியா நின்னா 3, ஓரம் கோணல்மாணலா இருந்தா 2, உள்ள பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி மின்னினா 3. எல்லாத்தையும் கூட்டி 4ல இருந்து 6 வந்தா டைராட்ஸ் 4, 7ஓ அதுக்கு மேலயோ வந்தா 5. தண்ணி நிறைஞ்ச கட்டி, ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கற கட்டி எல்லாம் பூஜ்யம், அதை ஊசியால தொடவே வேணாம்.

முக்கியமான விஷயம், மார்க்கை மட்டும் பாக்கக் கூடாது, சைஸையும் சேத்துப் பாக்கணும். டைராட்ஸ் 5னா ஒரு சென்டிமீட்டர்லயே ஊசி போடலாம். 4னா ஒன்றரை சென்டிமீட்டர். 3னா ரெண்டரை வரைக்கும் பொறுக்கலாம். மதினியோடது 4, 14 மில்லிமீட்டர். அதாவது ஊசியே இப்ப தேவையில்ல, ஒரு வருஷம் கழிச்சு திரும்ப ஸ்கேன் பண்ணிப் பாருங்கனு அதே முறை சொல்லுது. ஊசிக்கே தேவைப்படாத கட்டிக்கு கத்தி!

அப்புறம் ஹார்மோன் டாக்டர் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் தானே ஸ்கேன் பண்ணிப் பாத்தார், கழுத்து ரெண்டு பக்கமும் நெறிகட்டி ஏதும் இருக்கானு மெதுவா ஓட்டிப் பாத்தார், முன்னாடி எடுத்த ஸ்கேன்ல அதைப் பாத்ததா ஒரு வரிகூட இல்ல. பாத்துட்டு "அடுத்த வருஷம் வாங்கம்மா, இதே மெஷின்லயே பாப்போம்"னார். மெஷின் மாறினா, ஆள் மாறினா, ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் சும்மாவே கூடும் குறையும். நீளம், அகலம்னு ஏதாவது ரெண்டு அளவுல 20 சதவீதமும் குறைஞ்சது ரெண்டு மில்லிமீட்டரும் கூடினாத்தான் வளந்துச்சுனு கணக்கு. 14 போய் 15 வந்தா வீட்ல ஒப்பாரி வைக்கக் கூடாதுனு அண்ணன்கிட்ட தனியா சொல்லி வெச்சிருக்கேன்.

மதினிக்கு அப்பவும் மனசு ஆறல. "இருக்குனு தெரிஞ்சு எப்பிடி சும்மா இருக்கது?" நியாயமான கேள்விதான். அதுக்கு நான் சொன்னது தென்கொரியா கதை.

அங்க 1999ல அரசாங்கம் தேசிய அளவுல கேன்சர் கண்டுபிடிக்கற திட்டம் ஒண்ணு ஆரம்பிச்சுது. வயிறு, மார்பகம், கர்ப்பப்பை வாய் மாதிரி கேன்சருக்கு. தைராய்டு அந்த லிஸ்ட்லயே இல்ல. ஆனா ஆஸ்பத்திரிங்க "வந்ததே வந்தீங்க, கொஞ்சம் காசு சேத்துப் போட்டா கழுத்தையும் பாத்துடலாம்"னு சேத்து விக்க ஆரம்பிச்சாங்க, 30ல இருந்து 50 டாலருக்கு. ஜனங்களும் சரினு பாத்தாங்க. 2011ல தைராய்டு கேன்சர் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993ல இருந்ததைப் போல 15 மடங்கு. அந்த ஒரு வருஷத்துல மட்டும் 40,000 பேருக்கு மேல. கொரியாவுலயே அதிகமா கண்டுபிடிக்கப்படற கேன்சர் அதுதான்னு ஆகிப்போச்சு. கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஆபரேஷன், அதுல மூணுல ரெண்டு பேருக்கு முழு தைராய்டும் போச்சு. சரி, இவ்வளவு பேரைப் பிடிச்சு வைத்தியம் பண்ணினதுல சாவு குறைஞ்சிருக்கணும்ல? குறையல. அந்தக் கோடு முன்னாடி எப்படி படுத்துக் கிடந்துச்சோ அப்படியே கிடந்துச்சு. தைராய்டு கேன்சர்ல சாகறவங்க முன்னாடியும் கம்மி, அப்புறமும் அதே கம்மி. அப்ப அந்தப் பதினஞ்சு மடங்கும் யாரு? வாழ்நாள் பூரா தெரியாமலே கழுத்துல வெச்சுக்கிட்டு வேற ஏதோ காரணத்துல செத்துப் போயிருக்க வேண்டியவங்க. ஆபரேஷன் பண்ணினவங்கள்ல நூத்துக்கு 11 பேருக்கு கால்சியம் பிரச்சனை, 2 பேருக்கு குரல் நரம்பு போச்சு. 2014ல அங்கயே சில டாக்டருங்க ஒண்ணு சேந்து 'தொந்தரவு இல்லாதவங்களுக்கு கழுத்து ஸ்கேன் பண்ணாதீங்க'னு பகிரங்கமா சொன்னாங்க, பேப்பர் டிவி எல்லாத்துலயும் வந்துச்சு, ஒரே வருஷத்துல ஆபரேஷன் 35 சதவீதம் குறைஞ்சுது. என்ன, ஜனங்க கழுத்துல இருந்த கட்டியெல்லாம் பேப்பரைப் படிச்சிட்டு ஓடிப்போச்சா?

பின்லாந்துல 1985ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, வேற காரணத்துல இறந்தவங்க 101 பேரோட தைராய்டை மெல்லிசு மெல்லிசா வெட்டிப் பாத்ததுல 36 பேருக்கு பொடி சைஸ்ல பேப்பில்லரிங்கற வகை தைராய்டு கேன்சர் இருந்துச்சு. மூணுல ஒருத்தருக்கு. அவங்க யாருக்கும் அது இருந்ததே தெரியாது. அமெரிக்க தடுப்புச் சேவைகள் பணிக்குழுவும் 2017ல, தொந்தரவு இல்லாத பெரியவங்களுக்கு தைராய்டு கேன்சர் தேடற பரிசோதனை வேணாம்னு தெளிவா சொல்லிருச்சு. நம்ம ஊர்ல மட்டும் பேக்கேஜ்ல கழுத்து ஸ்கேன் கூடிக்கிட்டே போகுது, 'பிளாட்டினம்', 'டைமண்ட்'னு பேரு வெச்சு.

ஜப்பான்காரங்க இன்னும் ஒரு படி மேல போனாங்க. கோபே நகரத்துல குமா ஆஸ்பத்திரினு தைராய்டுக்குனே ஒரு ஆஸ்பத்திரி. அங்க டாக்டர் அகிரா மியாவுச்சி 1993ல ஒரு யோசனை சொன்னார், ஒரு சென்டிமீட்டருக்குள்ள இருக்கற, பரவாத பேப்பில்லரி கேன்சரை, ஊசி போட்டு கேன்சர்னு உறுதியாத் தெரிஞ்ச பிறகும், உடனே வெட்டாம வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணிப் பாப்போமேனு. நினைச்சுப் பாருங்க, 'உங்களுக்கு கேன்சர், வீட்டுக்குப் போங்க, அடுத்த வருஷம் வாங்க'னு ஒரு டாக்டர் சொல்றதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும். ஆயிரத்து இருநூறுக்கும் மேல ஆளுங்களை அப்படி பாத்ததுல பத்து வருஷத்துல 8 சதவீதம் பேருக்குத்தான் கட்டி மூணு மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ கூடுதலா வளந்துச்சு, நெறிகட்டிக்குப் போனது 3.8 சதவீதம். வளந்தவங்களுக்கு அப்புறமா ஆபரேஷன் பண்ணாங்க, ஒண்ணும் கெட்டுப் போகல, அந்தக் கேன்சரால யாரும் இறக்கவும் இல்ல. வயசானவங்களுக்கு இன்னும் மெதுவாத்தான் வளந்துச்சு. இப்ப இதை உலகம் பூரா ஒரு வழியா ஏத்துக்கிட்டாங்க.

இதுக்காக எல்லாக் கட்டியையும் சும்மா விடலாம்னு யாராவது எடுத்துக்கிட்டீங்கனா அப்புறம் நான் பொறுப்பில்ல. காத்திருக்கக் கூடாத கட்டியும் இருக்கு. கல்லு மாதிரி கெட்டியா இருந்து அசையாம ஒட்டிக்கிட்டு இருக்கறது, சில வாரத்துலயே கண்ணுக்குத் தெரிய பெருக்கறது, காரணமே இல்லாம குரல் கம்மி சரியாகாம இருக்கறது, முழுங்க மூச்சு விட கஷ்டம், கழுத்து ஓரத்துல நெறிகட்டி, சின்ன வயசுல கழுத்துக்கு ரேடியேஷன் வாங்கினவங்க, குடும்பத்துல மெடுல்லரினு ஒரு வகை கேன்சர் இருந்தவங்க. மெடுல்லரி வேற சாதி, ஆர்இடினு ஒரு ஜீன் கோளாறால தலைமுறை தலைமுறையா வரலாம், அதுக்கு கால்சிடோனின்னு தனி ரத்தப் பரிசோதனை. வயசானவங்களுக்கு திடுதிடுனு வர்ற அனாபிளாஸ்டிக்ங்கற வகை தைராய்டு கேன்சர்ல நூத்துல ஒண்ணு ரெண்டுதான், ஆனா வந்தா நாள் கணக்குல ஓடணும். இதுல எது இருந்தாலும் டைராட்ஸ் கணக்கு போட்டுக்கிட்டு வீட்ல உக்காராதீங்க.

இப்ப என் கதை. என்னோடது மூணு சென்டிமீட்டர் கிட்ட, இடது பக்கம், கண்ணாடில பாத்தா முழுங்கும்போது ஏறி இறங்கும். எனக்கு ஊசி தேவைப்பட்டுச்சு.

எஃப்என்ஏசினா எல்லாரும் பெரிய பயாப்ஸினு பயப்படறாங்க. மல்லாக்கப் படுக்க வெச்சு தோளுக்குக் கீழ ஒரு தலகாணி வெச்சாங்க, தலை பின்னால தொங்கி கழுத்து வில்லு மாதிரி நிமிந்துக்கும், அதுதான் எனக்கு ஊசியை விட கஷ்டமா இருந்துச்சு. பெட்டாடின் தடவினது சில்லுனு கழுத்துக்குப் பின்னால வழிஞ்சு புடவையெல்லாம் கறை (பழைய ஜாக்கெட் போட்டுட்டுப் போங்க). "மேடம், இப்ப எச்சில் முழுங்காதீங்க, பேசாதீங்க"னு சொன்னாங்க. அப்படி சொன்ன உடனேதான் முழுங்கணும்னு தோணும், அது மனுஷ சுபாவம். ஊசி ரத்தம் எடுக்கற ஊசியை விட மெல்லிசு. குத்தும்போது சுருக், அவ்வளவுதான், ஆனா உள்ள போனதும் அதை முன்னயும் பின்னயும் வேகமா ஆட்டி செல்லை எடுப்பாங்க, அப்ப ஒரு அமுக்கம், காது வரைக்கும் இழுக்கற மாதிரி. எடுத்ததை கண்ணாடித் தட்டுல ஒரு சொட்டு விட்டு இன்னொரு தட்டால சர்ருனு இழுத்துத் தேச்சாங்க. திரும்பவும் ஒருவாட்டி, இன்னொருவாட்டி, வேற வேற இடத்துல இருந்து. முடிஞ்சதும் பஞ்சை வெச்சு நீங்களே அமுக்கிப் பிடிச்சுக்கங்கனு சொல்லி உக்கார வெச்சாங்க. வெளிய வந்து டீ குடிச்சேன்.

ரிசல்ட் வர்றது பெதஸ்டானு ஒரு ஆறு படி கணக்குல. 2 வந்தா நல்ல கட்டி, கேன்சர் வாய்ப்பு 4 சதவீதம் கிட்டத்தான். 6 வந்தா 97 சதவீதம் கேன்சர். 1 வந்தா பத்தலை, திரும்ப எடு. நடுவுல இருக்கற 3, 4தான் மனுஷனைப் போட்டு வாட்டற இடம். எனக்கு முதல்ல 3, மறுபடி எடுத்தப்ப 4. நாலுனா நூத்துக்கு முப்பது வாய்ப்பு. "என்ன டாக்டர், ரெண்டு தடவை குத்தியும் கேன்சரா இல்லையானு சொல்ல முடியாதா?"னு கேட்டேன். ஃபாலிகுலர் வகைக் கட்டில முடியவே முடியாதாம். அந்த வகைல நல்லதுக்கும் கெட்டதுக்கும் செல்லு பாக்க ஒரே மாதிரி இருக்கும், கட்டியைச் சுத்தி இருக்கற உறையைக் கிழிச்சுக்கிட்டு வெளிய போயிருக்கா, ரத்தக்குழாய்க்குள்ள நுழைஞ்சிருக்காங்கறதுதான் வித்தியாசம். இளநியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிப் பாத்துட்டு மட்டைல விரிசல் இருக்கானு சொல்லச் சொன்னா எப்படி சொல்றது? முழுசா எடுத்து உறையைச் சுத்தி சுத்தி வெட்டிப் பாத்தாத்தான் தெரியும். வெளிநாட்டுல ஊசில எடுத்த செல்லுலயே ஜீன் டெஸ்ட் பண்ணி கொஞ்சம் பேரை ஆபரேஷன்ல இருந்து காப்பாத்தறாங்க, இங்க அது இன்னும் சாதாரண ஆளுக்கு எட்டற விலைல இல்ல.

அதனால எனக்கு இடது பாதி மட்டும் எடுத்தாங்க. பாதி போதும்னு நான் கேட்டு வாங்கல, அந்த சர்ஜனே சொன்னார், அவருக்கு தினமும் இதே வேலை. சர்ஜனைத் தேடறவங்க அவர் வருஷத்துக்கு எத்தனை தைராய்டு பண்றார்னு கூச்சப்படாம கேளுங்க. தைராய்டுக்குப் பின்னால குரல்வளைக்குப் போற நரம்பு நூல் மாதிரி ஓடுது, ஒட்டினாப்புல பாராதைராய்டுனு நாலு பொடிசு உக்காந்திருக்கு, அதுதான் உடம்பு கால்சியத்தைப் பாத்துக்குது. கை பழகின ஆள் பண்ணா இது ரெண்டும் தப்பிக்கும். சென்னைல பெரியாஸ்பத்திரினு சொல்ற ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைலயே எண்டோக்ரைன் சர்ஜரிக்குனு தனி டிபார்ட்மெண்ட் இருக்கு, வேலூர் சிஎம்சிலயும் இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியறது இல்ல.

மொத்தமா எடுத்தா என்னனு முதல்ல உலகத்துக்குத் தெரிய வெச்சவர் சுவிட்சர்லாந்துல பெர்ன் நகரத்து சர்ஜன் தியோடர் கோச்சர். முழுத் தைராய்டையும் சுத்தமா எடுக்கற அளவுக்கு கை சுத்தம். ஆனா எடுத்தவங்கள்ல பலபேர் மெல்ல மெல்ல மந்தமாகி, முகம் உப்பி, ஆளே மாறிப் போனதை அவரே திரும்பக் கூப்பிட்டுப் பாத்து 1883ல வெளிப்படையா எழுதினார். அதுல இருந்துதான் இந்தச் சுரப்பி உடம்புல என்ன வேலை செய்யுதுங்கறதே பிடிபட ஆரம்பிச்சுது, 1909ல நோபல் பரிசும் வந்துச்சு. நூத்தி நாப்பது வருஷம் கழிச்சு "மாத்திரைதானே"னு சொல்றவங்க அவர் எழுதினதைப் படிச்சா தேவலை.

என் ரிசல்ட் ஃபாலிகுலர் அடினோமா, நல்ல கட்டி. அப்ப வீணா வெட்டினோமானு கேக்கறாங்க. அந்த ஊசி ரிசல்ட்டையும் அந்த சைஸையும் வெச்சு வேற வழியில தெரிஞ்சுக்க முடியாது, அதனால எனக்கு அதுல வருத்தம் இல்ல. மேல் ஸ்தாயில பாட முடியல கொஞ்ச நாள், அப்புறம் வந்துருச்சு, பெரிய பாட்டுக்காரியும் இல்ல நான்.

எங்க ஆபீஸ்ல ஒரு அக்காவுக்கு நிஜமாவே பேப்பில்லரி கேன்சர், கழுத்து நெறிகட்டிக்கும் போயிருந்துச்சு. அவங்களுக்கு மொத்தமா எடுத்தது சரி, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் உதட்டைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி, விரல் நுனி மரத்துப்போச்சு, கால்சியம் இறங்கினதோட அடையாளம் அது, யாருக்காவது அப்படி ஆனா காலைல சொல்லிக்கலாம்னு இருக்காம நர்ஸை உடனே கூப்பிடுங்க. அப்புறம் ரேடியோ அயோடின். தைராய்டு செல்லுதான் அயோடினை ரொம்ப ஆசையா இழுக்கும்ங்கறதால கதிர்வீச்சு அயோடினைக் குடிக்கக் குடுத்தா அது தேடிப்போய் மிச்சம் மீதியைச் சுட்டுடும். இந்த ஐடியாவை 1941ல பாஸ்டன்ல சால் ஹெர்ட்ஸ்னு ஒரு டாக்டர் முதல்ல ஆளுக்குக் குடுத்துப் பாத்தார், கேன்சருக்கு இல்ல, தைராய்டு அதிகமா சுரக்கற வியாதிக்கு. அக்காவுக்கு ரேடியோ அயோடினுக்கு முன்னாடி தைராய்டு மாத்திரையை மூணு நாலு வாரம் நிறுத்திட்டாங்க, டிஎஸ்ஹெச் நல்லா ஏறணும்னு. அந்த வாரங்கள்தான் கொடுமை, குளிரும், ஞாபகம் நிக்காது, ஃபைல்ல கையெழுத்து போடவே அரை நாள் ஆகும்னாங்க. அயோடின் உப்பு, மீன், முட்டை மஞ்சக்கரு, பால் எதுவும் கிடையாது. தூத்துக்குடிக்காரங்களுக்கு மீன் இல்லாம ரெண்டு வாரம்! அப்புறம் தனி அறைல அடைச்சு வெச்சாங்க, சாப்பாட்டைக் கதவுகிட்ட வெச்சிட்டுப் போயிடுவாங்க, வீட்டுக்கு வந்தும் பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது கொஞ்ச நாளைக்கு. இப்ப நல்லா இருக்காங்க, கேன்சர் திரும்ப வருதானு பாக்க தைரோகுளோபுலின்னு ஒரு ரத்தப் பரிசோதனைதான் அப்பப்ப. ஆனா சின்னக் கட்டி, ரிஸ்க் கம்மினா இந்த ரேடியோ அயோடினே வேணாம்னு பிரான்ஸ்ல நடந்த பெரிய ஆராய்ச்சி 2022ல வந்துருச்சு, குடுத்தவங்களும் குடுக்காதவங்களும் மூணு வருஷம் கழிச்சு ஒரே மாதிரிதான் இருந்தாங்க. ஆபரேஷன் ஆச்சுனா அடுத்தது அயோடின்தான்னு தானா ஒத்துக்காதீங்க, எனக்கு எதுக்குனு கேளுங்க.

உப்புனு சொன்னதும் ஞாபகம் வருது, 'அயோடின் உப்பாலதான் ஊர்பூரா தைராய்டு'னு ஒரு ஃபார்வர்டு மாசாமாசம் சுத்துது. எங்க பக்கம் உப்பளத்துல நேரா மூட்டை வாங்கற பழக்கம், அதனால இது நல்லாவே எடுபடுது. இமாசலத்துல காங்ரா பள்ளத்தாக்குல 1956ல இருந்து டாக்டர் ராமலிங்கசுவாமி குழு உப்புல அயோடின் சேத்துக் குடுத்துப் பாத்து, குழந்தைங்க கழுத்துக் கழலை குறையறதைக் காட்டினாங்க, அதுக்கப்புறம்தான் 1962ல நாடு பூரா திட்டமே வந்துச்சு. இப்ப நாம பாக்கற தைராய்டு குறைபாட்டுக்கு பெரும்பாலும் காரணம் ஹாஷிமோட்டோ, நம்ம எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தின்னுது. கல் உப்புக்கு மாறினா அது நிக்காது. வீட்ல கர்ப்பிணி யாராவது இருந்தா அயோடின் உப்பை விட்டுடாதீங்க, வயித்துல இருக்கற பிள்ளை மூளைக்கு அது வேணும்.

அம்மாவுக்கு அந்த ஹாஷிமோட்டோதான், மாத்திரை ரொம்ப வருஷமா. டிஎஸ்ஹெச் 10க்கு மேல போனா மாத்திரை வேணும்ங்கறதுல பெருசா சண்டை இல்ல. 4க்கும் 10க்கும் நடுவுலதான் ஆளுக்கு ஆள் மாறும். கர்ப்பமா இருந்தா, பிள்ளைக்கு முயற்சி பண்ணிட்டு இருந்தா கவனமா பாக்கணும், ஏற்கனவே மாத்திரை சாப்பிடறவங்களுக்கு கர்ப்பம்னு தெரிஞ்சதுமே டோஸ் கூட்ட வேண்டியிருக்கும். ஆனா 65 தாண்டினவங்களுக்கு டிஎஸ்ஹெச் லேசா ஏறினா அதுக்கு மாத்திரை குடுத்து அசதி ஒண்ணும் குறையலைனு 2017ல ஐரோப்பாவுல 737 பேரை வெச்சுப் பாத்து சொல்லிட்டாங்க. எங்க பெரியம்மாவுக்கு 6 வந்ததுக்கு ஆரம்பிச்சு, டோஸ் ஏத்தி ஏத்தி, கடைசில படபடப்பு வந்து நெஞ்சு டாக்டர்கிட்ட போய் நின்னாங்க. நல்லா ஏறின டோஸ் எலும்பையும் இதயத்தையும் பதம் பாக்கும்.

சரி அம்மா விஷயம். டிஎஸ்ஹெச் ஒரு வாட்டி 3, அடுத்து 11, அப்புறம் 7னு ஆடிக்கிட்டே இருந்துச்சு, டாக்டர் டோஸை மாத்திக்கிட்டே இருந்தார். மாத்திரையை விடாமத்தான் போடறாங்க. ஆனா அடுப்படில நின்னு பாத்தப்பதான் தெரிஞ்சுது, காலைல ஒரு கைல மாத்திரை, இன்னொரு கைல ஃபில்டர் காபி. காபி, பால், கால்சியம், அயர்ன் எல்லாமே இந்த மாத்திரையை உறிய விடாது. வெறும் வயித்துல தண்ணியோட போட்டு அரை மணிலருந்து ஒரு மணி நேரம் சும்மா இருக்கணும், கால்சியம் அயர்ன் மாத்திரைக்கு நாலு மணி நேரம் இடைவெளி. இதை அம்மாகிட்ட சொன்னா "அஞ்சு மணி காபி இல்லாம நான் என்ன மனுஷியா?"ங்கறாங்க. டாக்டர்கிட்ட கேட்டோம், ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சு படுக்கப் போகும்போது போடலாம்னார். இப்ப ஏழு மணிக்கே ரெண்டு இட்லிய முடிச்சிட்டு பத்து மணிக்கு மாத்திரை. டோஸ் மாத்தினா ஆறுல இருந்து எட்டு வாரம் கழிச்சுத்தான் டெஸ்ட் எடுக்கணும், உடம்புல பாதி கரையவே ஒரு வாரம் எடுக்கற மருந்து இது, அடுத்த வாரமே போய் ரத்தம் குடுத்தா காசுக்கு நட்டம்.

இன்னொண்ணு, முடி கொட்டுதுனு பயோட்டின் மாத்திரை சாப்பிடறவங்க டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி அதை நிறுத்திட்டுப் போங்க. சில லேப் மெஷின்ல அது டிஎஸ்ஹெச்சை கம்மியாவும் ஹார்மோனை ஜாஸ்தியாவும் காட்டிடும், நல்லா இருக்கற ஆளுக்கு ஹைப்பர், அதாவது தைராய்டு அதிகமா சுரக்குதுனு சீட்டு வந்துரும். தைராய்டு கோளாறு இருக்கறவங்களுக்கு முடி கொட்டறது சகஜம், அவங்கதான் பயோட்டின் சாப்பிடுவாங்க, அவங்கதான் மாசாமாசம் டிஎஸ்ஹெச் எடுப்பாங்க. லேப்ல ரத்தம் எடுக்கற பொண்ணு இதைக் கேக்கவே கேக்காது, நீங்களா சொல்லுங்க.